நோயைச் சொல்லுங்கள், மருந்தைப் போமன் பார்த்துக்கொள்வார்

வாசகர் கேள்வி பதில்: மோட்டார் பக்கம்

கேள்வி: ஐயா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி சுங்கை சிப்புட் வந்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா கொடுத்த பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள்தான் என் வாகனம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் தானாக அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் நின்றுவிட்டு உதைத்தால் மறுபடி ஓடுகிறது. ஒரு கடையில் கார்புரேட்டரை மாற்றினார்கள், இன்னொரு கடையில் பிளக்கும் காயிலும் மாற்றினார்கள். 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போய்விட்டது, நோய் போகவில்லை. பெண் என்பதால் ஏமாற்றுகிறார்களா? நல்ல போமனை (மெக்கானிக்கை) எப்படிக் கண்டுபிடிப்பது? – ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: டீச்சர், இனி எதையும் மாற்றாதீர்கள். அடுத்த முறை வண்டி அணைந்ததும் உடனே உதைக்காமல் இறங்கி, சீட்டைத் தூக்கி, பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் நோய் அந்த மூடியில்தான் இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், அதற்காக மூடியில் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. தோட்டத்துச் செம்மண் தூசி அதை அடைத்துவிட்டால், சூசு டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் பால் இறங்காமல் நிற்குமே, அதே கதைதான். சும்மா நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. மூடியைக் கழற்றிக் கழுவி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் போதும், கடைக்கே போக வேண்டாம்.

மூடியைத் திறந்தும் ஓடவில்லை என்றால், என்ஜின் சூடேறியதும் நெருப்புப்பொறி நின்றுபோகிற கோளாறாக இருக்கலாம், அதாவது சிடிஐ (பொறியை நேரம் பார்த்து விடுகிற சின்னப் பெட்டி) அல்லது உள்ளே இருக்கும் காந்தச் சுருள். இதை வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிப்போன பிறகு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் எல்லாம் சரியாகவே இருக்கும், போமனும் குத்துமதிப்பாக எதையாவது மாற்றுவார்.

இந்த மூடி விஷயம் எனக்கே பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நானே கடைக்குப் போய் "கார்புரேட்டர் போச்சு, மாத்துங்க" என்று சொன்னேன், அவர்களும் மாற்றினார்கள். மாற்றியும் வண்டி வழியிலேயே நின்றது. கடைசியில் லிந்தாங் சாலைப் பக்கம் வீட்டு முன்னாலேயே ஒரு கொட்டகை போட்டு வேலை செய்த ஒரு பெரியவர், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேள்வியாகக் கேட்டார். எவ்வளவு தூரம் ஓடி நின்றது, தொட்டி நிறைய இருக்கும்போதா குறைவாக இருக்கும்போதா, எத்தனை நிமிடம் கழித்து ஓடியது. எழுந்து போய் மூடியைக் கழற்றினார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைக்குப் போனால் நோயை மட்டும்தான் சொல்கிறேன், மருந்தைச் சொல்வதில்லை. நீங்களும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: காலையிலா மாலையிலா, மழையா வெயிலா, எந்த கியரில், என்ன சத்தம். இழுவை இல்லாமல் மூச்சு வாங்கினால் "செம்புட்" என்று சொல்லுங்கள், குதித்துக் குதித்து ஓடினால் "தெர்செங்குக்". இந்த இரண்டு மலாய்ச் சொல்லும் எந்தக் கடையிலும் புரியும், சீனர் கடையானாலும் நம்மவர் கடையானாலும்.

பெண் என்பதால் ஏமாற்றுகிறார்களா என்று கேட்டீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கடையும் ஊகித்து ஊகித்து மாற்றியதாகவே எனக்குப் படுகிறது. அந்த ஊகத்துக்குக் காசு கொடுத்தது நீங்கள், அதனால் உங்கள் கோபம் நியாயமானதுதான். இனி வேலை தொடங்கும் முன்பே சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு, சாமான் ஓரியா (ஒரிஜினலா) வேறா என்று கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய சாமானை கையில் வாங்குங்கள், ரசீதும் வாங்குங்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்கியது தெரிந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான்.

சரி, போமன். வண்டி நல்லா இருக்கும்போதே தேடுங்கள், நின்ற பிறகு தேடினால் பக்கத்தில் எந்தக் கடையோ அதுதான் கிடைக்கும். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர், பேப்பர் போடுகிறவர், மோட்டாரில் காய்கறி விற்கிறவர், இவர்களுக்கெல்லாம் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். இவர்கள் வண்டி எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்களிலேயே நாலு பேர் இருப்பார்கள், கேளுங்கள். அப்புறம் அந்தக் கடைக்குச் சின்ன வேலை ஒன்றோடு போங்கள், எண்ணெய் மாற்றுவது போதும். பழைய எண்ணெய் முழுதாக வடியும்வரை பொறுக்கிறாரா, அடி நட்டின் வாஷரைப் பார்க்கிறாரா, கடைசியில் அளவுகோலை எடுத்துப் பார்க்கிறாரா, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் தருகிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். "இந்த பிரேக் கட்டை இன்னும் ஓடும், அடுத்த தடவை மாத்திக்கலாம்" என்று ஒரு போமன் சொன்னால் அந்தக் கடையை விடாதீர்கள். தரை முழுக்க எண்ணெய்க் கறை இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், ஸ்பேனர்கள் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: அண்ணே, தைப்பிங்கில் மழைக்குக் கேட்கவா வேண்டும். ராத்திரி மழை பெய்தால் காலையில் என் பழைய கப்சாய் ஸ்டார்ட் ஆகாது. உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். விற்றுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறாள் என் மனைவி. – வாசகர், தைப்பிங்

பதில்: தம்பி, வீட்டம்மா சொல்வதை நான் மறுப்பதாக நினைக்க வேண்டாம், ஆனால் இதற்காக வண்டியை விற்பது அவசரம். 1996-இல் வந்த மோடெனாஸ் கிரிஸ், அதற்கும் முந்திய ஹோண்டா ஈஎக்ஸ் 5 எல்லாம் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, சாமானும் கிடைக்கிறது. 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்குச் சாலை வரி வருஷத்துக்கு 2 வெள்ளிதான்.

மழைக்கு நிற்கிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பிளக் தொப்பி. என்ஜின் தலை முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது, சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரெல்லாம் அங்கேதான் போகும். என்ஜின் ஆறியிருக்கும்போது தொப்பியை இழுத்துக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் காய்ந்த துணியால் துடைத்து மாட்டி உதைத்துப் பாருங்கள். அதில் ஓடினால் தொப்பி ரப்பரோ வயரோ வெடித்திருக்கிறது என்று அர்த்தம். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு: ராத்திரி விளக்கை அணைத்து, என்ஜினை ஓடவிட்டு, வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள், வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலமாகப் பொறி ஓடும். கையால் மட்டும் தொடாதீர்கள், நல்ல அடி அடிக்கும்.

அது சரியாக இருந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகாணி இருக்கும், அதைத் தளர்த்தி வடிவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள், அடியில் முத்து முத்தாக உருண்டு நின்றால் அது தண்ணீர். இதைச் செய்யும்போது பக்கத்தில் சிகரெட், கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் கெட்டிருந்தால் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும், அதையும் மாற்றிவிடுங்கள். பிளக்கைக் கழற்றினால் நுனி நிறத்தைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள், என்ஜின் தலை அலுமினியம், கோணலாக ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும், அந்தச் செலவு பெரிது.

எஃப்ஐ வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் மீட்டரில் உள்ள மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாமல் விட்டு விட்டு எரிந்தால் எத்தனை தடவை நீளமாக, எத்தனை தடவை சுருக்கமாக என்று எண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஹோண்டாவில் நீளம் ஒன்றுக்கு பத்து, சுருக்கம் ஒன்றுக்கு ஒன்று. அதுவும் நோயைச் சொல்வதுதான்.

கேள்வி: வீட்டில் கார் எண்ணெய் பாதிப் போத்தல் மிச்சம் இருக்கிறது. மோட்டாருக்கு ஊற்றலாமா? – வாசகர், பீடோர்

பதில்: ஊற்றாதீர்கள். கார் எண்ணெய் என்ஜினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நம் கப்சாயில் கிளட்ச்சும் கியரும் அதே எண்ணெயில்தான் முழுகிக் கிடக்கின்றன. கார் எண்ணெய் பலவற்றில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற மருந்து கிளட்ச்சையும் வழுக்க வைத்துவிடும், முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டருக்கு எம்பி (MB). ஒரு லிட்டர் போத்தலை அப்படியே கவிழ்ப்பதும் தப்பு, பல கப்சாய்க்கு ஒரு லிட்டர் பிடிக்காது.

கேள்வி: என் மகன் செம்பனைத் தோட்டத்துக்குள் வேலைக்குப் போகிறான். மாதத்தில் இரண்டு தடவையாவது பஞ்சிட் (டயர் பஞ்சர்), போன வாரம் செயினும் அறுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே இருட்டில் வீட்டுக்கு வந்தான். பயமாக இருக்கிறது. – ஒரு தாய், லிந்தாங் சாலை

பதில்: அம்மா, உங்கள் பயம் புரிகிறது, செயின் அறுந்து பின் சக்கரத்தில் சிக்கியிருந்தால் ஆளையே தூக்கிப் போட்டிருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டுக்கொண்டு விடச் சொல்லாதீர்கள், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். அப்புறம் வாரம் ஒரு முறை, மண் அதிகமான நாட்களில் இன்னும் அடிக்கடி, மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடட்டும். இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஓடுகிற செயினில் துணியைக் காட்டி விரல் போனவர்கள் உண்டு. நடுவில் மேலும் கீழும் அசைத்தால் கப்சாய்க்கு சுமார் இரண்டரை முதல் மூன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். தொய்வு கூடாது என்று பையன்கள் இறுக்கி இறுக்கி வைக்கிறார்கள், பின்னால் ஆள் ஏறினால் அது இன்னும் இறுகி அறுந்துபோகும்.

பஞ்சிட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மட்டை முள்தான். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் மேல் ஏற்றாமல் வண்டித் தடத்திலேயே போகச் சொல்லுங்கள். ட்யூப்பை ஒட்டிய பிறகும் அதே இடத்தில் மறுபடி காற்று போனால், முள் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து கிடக்கிறது, போமன் டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாரா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். காற்று இறங்கிய டயரில் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், வால்வு பிய்ந்து ட்யூப் ஒட்டவே முடியாமல் போகும். சீட்டுக்கு அடியில் ஒரு டார்ச் லைட்டும், ஒரு செயின் லாக்கும் (அறுந்த செயினை இணைக்கிற சின்ன இணைப்பு), சின்ன கொறடும் போட்டு வையுங்கள். செயின் லாக் விலை சொற்பம்தான், அளவை மட்டும் மகன் வண்டிச் செயினோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.