கடித்தது காலில், கையில் போட்ட ஊசி போதாதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "முந்தாநாள் தெருநாய் என் மகனின் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கிளினிக்கில் கையில் தடுப்பூசி போட்டார்கள். காயத்திலும் ஊசி போட வேண்டும் என்றார்கள். பிள்ளை அலறியதால் வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஒன்று போதாதா? அவன் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கவா?"

போதாதம்மா. இன்றைக்கே திரும்பப் போங்கள்.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் வைரஸின் மேற்பரப்பில் ஜி என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். எந்த செல்லுக்குள் நுழைவது என்பது பெரும்பாலும் அந்த முள்ளின் கையில்தான் இருக்கிறது. தசையும் நரம்பும் சேரும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனச் செய்தியை வாங்கும் ஏற்பிகளிலும், நரம்பு செல்களில் உள்ள வேறு சில ஏற்பிகளிலும் அது ஒட்டிக்கொள்ளும். ஃப்ளூ வைரஸின் முள் மூச்சுக்குழாய் செல்களைப் பிடிக்கிறது. இது நரம்பைப் பிடிக்கிறது. நரம்புக்குள் புகுந்துவிட்டால் அப்படியே தண்டுவடம், மூளை என்று ஏறிவிடும். அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

தடுப்பூசி அதே ஜி புரதத்தை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. ஆனால் வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளை உடல் போதிய அளவு தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காயத்தில் கிடக்கும் வைரஸைத் தடுக்கத்தான் காயத்தில் போடும் அந்த இம்யூனோகுளோபுலின் ஊசி. அது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள். ஜி முள்ளின் மேல் படிந்து, ஏற்பியைப் பிடிக்க விடாமல் செய்யும். வைரஸ் இருப்பது காயத்தில், அதனால் மருந்தும் அங்கேயே போக வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள் போடலாம், ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வைரஸுக்குத்தான் லாபம்.

தடுப்பூசியை முதல் நாளை 0 என்று வைத்து 3, 7, 14ஆம் நாட்களிலும் போட வேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு 28ஆம் நாளும் உண்டு. காயத்தை சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். செய்யாவிட்டால் இப்போதாவது கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 1976 முதல் நாய்களிடையே ரேபிஸ் இருந்துவருகிறது, "நாய் நன்றாகத்தானே இருந்தது" என்ற கணக்கு இங்கே செல்லாது.

தட்டு, டம்ளர் விஷயத்தில் பயமே வேண்டாம். நன்றாக இருக்கும் பையனிடமிருந்து யாருக்கும் தொற்றாது. பள்ளிக்கும் அனுப்பலாம்.