ஊரில் டவர் லைன் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூருக்கு ரிகராக (கிரேனில் பாரத்தைக் கட்டித் தூக்கிவிடுபவராக) வருபவர் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

கேட்ட தம்பி ரிகர் கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊரைப் போல இங்கே அண்ணாந்து பார்க்கிற வேலை இல்லை. 400 கிலோவோல்ட் கேபிள்கூட மண்ணுக்குள்தான் போகிறது. நம் பாடு கேபிளைச் சுற்றி வைத்திருக்கும் பெரிய உருளையான கேபிள் டிரம்மோடு.

என் கதையைச் சொல்கிறேன். சாலையோரத்தில் நாலு டன் டிரம் ஒன்றை லாரி கிரேனில் இறக்க வேண்டும். டிரம்மில் உரசாமல் பெல்ட்டுகளை விலக்கிப் பிடிக்கும் இரும்புத் தண்டான ஸ்பிரெடர் பார் வந்து சேரவில்லை. "மூணு டன் மஞ்சள் பெல்ட் ரெண்டு இருக்கு, மொத்தம் ஆறு டன், தூக்கு" என்றார் சூப்பர்வைசர். டிரம்மின் நடுவே செருகிய தண்டின் இரண்டு முனையிலும் அந்தத் தூக்கும் பெல்ட்டை மாட்டினேன். ஸ்பிரெடர் பார் இல்லாததால் பெல்ட் டிரம்மின் விளிம்பில் மடிந்து, அதற்கு மேலே கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிக்குப் படுத்துவிட்டது. பெல்ட் படுக்கப் படுக்க பாரம் ஏறும். 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் 2.3 டன்தான். 30 டிகிரியில் ஒவ்வொன்றுக்கும் முழு நாலு டன். கோர்ஸில் படித்தது எனக்கு நினைவு வந்தது. வாயைத் திறக்கவில்லை. வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே இருந்தது.

ஓரடி தூக்கியதும் ஒரு பெல்ட் அறுந்தது. டிரம் சாய்ந்து விழுந்து, கீழே போட்டிருந்த கட்டை தெறித்து என் ரூம் அண்ணன் கணுக்காலை முறித்தது. பாரத்தைத் தள்ளி நின்று பிடிக்கும் கயிறான டேக்லைன் கட்டாததால் அவர் கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

பெல்ட்டுக்கு அதில் எழுதியிருக்கும் எடையைப் போல ஏழு மடங்கு தாங்கும் பலம் உண்டே, கோணத்தால் மட்டும் அறுமா என்று யாராவது கேட்பார்கள். சரி, கோணம் மட்டும் காரணம் இல்லை. விளிம்பில் இருந்த போல்ட் பெல்ட்டை அறுத்தது. ஆனால் ஸ்பிரெடர் பார் இருந்திருந்தால் பெல்ட் விளிம்பைத் தொட்டிருக்கவே செய்யாது.

அதனால் தம்பி, ஸ்பிரெடர் பார் இல்லையென்றால் டிரம்மைத் தொடாதீர்கள். பெல்ட்டில் எவ்வளவு தாங்கும் என்று எழுதிய டேக் இருக்கிறதா, வருடாந்தர சோதனைத் தேதி தாண்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தூக்கும் திட்டத்தில் எழுதிய எடையை டிரம்மில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கேபிள் இழுக்கும்போது கயிறு திரும்புகிற வளைவின் உள்பக்கம் நிற்கவே கூடாது. கப்பி பிடுங்கிக்கொண்டால் கயிறு அந்தப் பக்கம்தான் அடிக்கும். கயிறுக்கும் கேபிளுக்கும் நடுவில் தானாகச் சுழலும் இணைப்பான சுவிவல் போட மறந்தால் கயிற்றின் முறுக்கு முழுவதும் கேபிளுக்குப் போய்விடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். டிரம்மை லாரியில் ஏற்றினால் நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுகிறோம். அதே மாதிரி லாரியின் பின்னால்தான் நாங்களும் விடிகாலையில் டார்மிட்டரியிலிருந்து போகிறோம், எங்களுக்கு ஒரு சீட் பெல்ட் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். தூக்கக் கலக்கத்தில் அதில் ஆடிக்கொண்டே வருகிறவன்தான் எட்டு மணிக்கு ஷேக்கிள் (பெல்ட்டை மாட்டும் இரும்புக் கொக்கி வளையம்) பின் முழுசாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் கால் ஊன்றி நடக்க மூன்று மாதம் ஆனது. அன்று "நிறுத்துங்கண்ணே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும்.