டக்டைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு கொண்டோவில் இருக்கிறோம். சீலிங்குக்குள் மறைத்து வைத்த ஏர்கான். காற்று வரும் கிரில் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள், அறையில் காயாத துணி வாடை. வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறாள். டக்ட் கிளீனிங், அதாவது ஏர்கான் காற்று வரும் குழாயைச் சுத்தம் செய்ய, 900 வெள்ளி கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்:

அந்த 900 வெள்ளியை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். டக்ட் கிளீனிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலையாக இருக்கலாம். நான் அதை முதலில் செய்தேன். தீபாவளிக்கு முன்னால் 850 வெள்ளி கொடுத்துச் சுத்தம் செய்தது, பொங்கல் வருவதற்குள் பழையபடி கறுத்துவிட்டது.

எங்களுடையதும் கொண்டோதான், புக்கிட் பாத்தோக்கில். அம்மா எங்களோடு இருக்கிறார். அந்த வருடம் தீபாவளிக்குக் கட்டலாமென்று அம்மா அலமாரியிலிருந்து காஞ்சிபுரம் பட்டை எடுத்தார். மடிப்பு ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அதே அலமாரியில் தொங்கிய என் கணவரின் தோல் பெல்ட்டும் பச்சை பூத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஏர்கான் கிரில்லில் கறுப்புப் புள்ளிகள். அம்மாவுக்கு இரவில் இருமல் வேறு. எல்லாவற்றுக்கும் காரணம் டக்ட்தான் என்று நாங்களே முடிவு கட்டி, ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம்.

வந்த இருவரும் குறை சொல்ல முடியாதபடிதான் வேலை செய்தார்கள். சுழலும் பிரஷ்ஷை உள்ளே விட்டார்கள், பெரிய வேக்குவத்தால் உறிஞ்சினார்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார்கள். கடைசியில் எலுமிச்சை வாசனையோடு ஒரு மருந்தைப் புகைபோல அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் வீடு மணத்தது. அப்புறம் மழைக்காலம் வந்தது, வாடையும் திரும்பி வந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் மூன்று கிரில். இரண்டில்தான் கறுப்பு வந்தது, அதுவும் முன்பு இருந்த அதே மூலைகளில். ஹாலில் இருந்த மூன்றாவது கிரில் பளிச்சென்று இருந்தது. அழுக்குதான் பிரச்சினை என்றால் மூன்றும் ஒன்றுபோல அல்லவா கறுக்க வேண்டும்? நீங்களும் முதலில் இதைப் பாருங்கள். எந்தக் கிரில், எந்த ஓரம் என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி ஒருத்தி சொல்லி, ஜோகூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஏர்கான் தம்பி ஒருவர் வந்தார். பிரஷ் எதுவும் கொண்டு வரவில்லை. கையில் ஒரு டார்ச், ஒரு ஏணி, அவ்வளவுதான். குளியலறைப் பக்கத்தில் சீலிங்கில் இருந்த மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், ஐந்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "அக்கா, நீங்களே ஏறிப் பாருங்க" என்றார்.

ஏறிப் பார்த்தேன். மிஷினிலிருந்து கிரில்லுக்குப் போகும் வளையும் குழாய்மேல் வெள்ளி நிறத் தாள் சுற்றியிருந்தது. குழாய் வந்து தகரப் பெட்டியோடு சேரும் இடத்தில் அந்தத் தாள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே இருக்கும் கண்ணாடிப் பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தொட்டேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரம். பக்கத்தில் தகரத்தின்மேல் கடுகு கடுகாகத் தண்ணீர் முத்துகள், அவற்றைச் சுற்றிக் கறுப்பாக மயிர் மாதிரிப் பூசணம். "இப்ப இந்தப் பக்கம் கை வைங்க" என்றார். குளியலறைக் குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து வெதுவெதுவென்று காற்று என் உள்ளங்கையில் மோதியது. "தண்ணி இங்கேருந்துதான் வருது அக்கா. இத நிறுத்தாம மாசாமாசம் குழாயத் தொடச்சாலும் திரும்ப வரும் லா" என்றார்.

காப்பிக்கடை மேசையில் வைத்த ஐஸ் மைலோ கிளாஸ் இரண்டு நிமிடத்தில் வெளியே நனைந்துவிடுகிறது இல்லையா, சீலிங்குக்குள்ளும் அதேதான் நடக்கிறது. காற்று எந்த வெப்பநிலையில் தன் ஈரத்தைத் தண்ணீராக விடும் என்பதற்குக் கணக்கு உண்டு. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேல் பட்டாலும் அந்தக் காற்று தண்ணீர் விடும். ஏர்கானிலிருந்து வரும் காற்றோ 12 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்து வைப்பது அந்தப் பஞ்சும் தாளும்தான். தாள் கிழிந்தால் ஈரக்காற்று நேராகக் குளிர்ந்த குழாயைத் தொடுகிறது. சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடிவதற்கு முன்னால் 90 விழுக்காட்டையும் தாண்டும், மழை இல்லாத நாட்களில் பிற்பகலில் 60 வரை இறங்கும். இந்த ஊரில் கிழிந்த தாள் ஒரு நாள்கூடச் சும்மா இருக்காது.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். அறை 25 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் 19 டிகிரியிலேயே கிரில் வியர்க்கும். அதையே 55 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால், கிரில் 15 டிகிரிக்கு இறங்கினால்தான் வியர்க்கும். அதனால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி, கிரில்லிலிருந்து தள்ளி, கட்டில் உயரத்தில் வையுங்கள். நான் வாங்கியது 15 வெள்ளி. காலை, மதியம், படுக்கும் முன், ஏர்கான் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போதும் எண் 60க்குக் கீழே வரவில்லை என்றால் பெரும்பாலும் எங்கிருந்தோ ஈரம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் 74, 75 என்றே நின்றது.

எங்கள் வீட்டில் காரணம் ஒன்றல்ல. கிழிந்த தாளைச் சொல்லிவிட்டேன். அந்தச் சுவர் ஓட்டை அதைவிட மோசம். எங்கள் மாதிரி கொண்டோக்கள் பலவற்றில், அறையின் காற்று மிஷினுக்குத் திரும்பிப் போகத் தனிக் குழாய் கிடையாது. சீலிங்கின் உள்வெளி வழியாகத்தான் திரும்பும். மிஷின் உறிஞ்சும்போது அறைக்காற்றோடு ஓட்டை வழியே வெளிக்காற்றையும், குளியலறைக் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் அறை காயாது. மூன்றாவது, தண்ணீர் விழும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, வடியாமல் வழவழவென்று பாசி கட்டியிருந்தது. காயாத துணி வாடை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

நாலாவது எங்கள் பழக்கம். அம்மா விடியற்காலையில் எழுந்து சாமி விளக்கு ஏற்றியதும் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைப்பார். ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடி, கிரில் சில்லென்று இருக்கும் நேரம் அது. வெளியே ஈரம் உச்சத்தில் இருப்பதும் அதே நேரம்தான். ஒரு நாள் ஆறரை மணிக்குக் கிரில்லில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்த்தேன், முழுக்க நனைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்ல காத்து வரட்டும்னுதானே திறக்கிறேன்" என்றார். ஊரில் அவர் வளர்ந்த வீட்டில் அது சரியான பழக்கம்தான், இந்த வீட்டில்தான் ஒத்துவரவில்லை. இப்போது ஏர்கானை நிறுத்தி முக்கால் மணி நேரம் கழித்து, கிரில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார். வெயில் வந்தபிறகு நன்றாகவே திறந்து வைக்கிறோம்.

பிறகு அந்தத் தம்பி செய்த வேலையைச் சொல்கிறேன், வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுவர் ஓட்டையை அடைத்தார். தட்டைச் சரியான சாய்வுக்குக் கொண்டுவந்து வடிகுழாயை அலசினார். ஈரம் ஏறிய வளையும் குழாய்கள் இரண்டையும் சுத்தம் செய்ய அவர் முயலவே இல்லை. கழற்றிப் பையில் கட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். காற்றைக் குளிரவைக்கும் காயிலையும் ஃபேனையும் கெமிக்கல் வாஷ் செய்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் தகரப் பெட்டியையும் கிரில்களையும் துடைத்தார். உண்மையில் டக்ட் கிளீனிங் என்று சொல்லத்தக்க வேலை அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான். அதன்பிறகு ஏர்கான் ஓடும்போது மீட்டர் 57, 58 காட்டுகிறது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, கிரில் கறுக்கவில்லை.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு டக்ட் கிளீனிங் பற்றி மக்களுக்குக் கொடுத்திருக்கும் விளக்கமும் இதையே சொல்கிறது. டக்டைச் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்கப்படும் என்று நிரூபிக்கப்படவில்லை. வழக்கமாக வருடா வருடம் செய்ய வேண்டிய வேலையும் அல்ல. உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி நிறையப் பூசணம் இருந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், தூசு அடைத்து அது அறைக்குள் வந்து விழுந்தால், அப்போது செய்யலாம். பஞ்சில் ஈரமோ பூசணமோ ஏறிவிட்டால் அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் பூசணம் திரும்ப வரும். முதல் தடவை பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்திருக்கலாமே என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

டக்ட் கிளீனிங் செய்ய ரெனவேஷனும் ஒரு நியாயமான காரணம். தச்சு வேலை நடக்கும்போது ஏர்கானை ஓட விட்டிருந்தால் மரத்தூளும் சிமென்ட் தூசும் காயில் வரை போய் ஒட்டியிருக்கும்.

உங்கள் கிரில்லில் இருப்பது பூசணம்தானா என்பதையும் பாருங்கள். காற்று வேகமாக வரும் ஓரத்தில் வெறும் தூசும் கறுப்புக் கோடாகப் படியும், ஊதுபத்தியும் சாம்பிராணியும் போடும் வீடுகளில் இன்னும் கூடுதலாக. கையுறை போட்டுக்கொண்டு பஞ்சில் ஒரு சொட்டு பிளீச் நனைத்து ஒரு புள்ளியில் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பெரும்பாலும் பூசணம், அப்படியே இருந்தால் பெரும்பாலும் தூசு. பிளீச்சை டாய்லெட் கழுவும் திரவம் எதனோடும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

குழந்தை தும்முகிறாள், மூக்கு ஒழுகுகிறது என்றால் டக்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிங்கப்பூரில் ஒவ்வாமைக்குப் பெரிய காரணம் வீட்டுத் தூசில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். அவை மெத்தை, தலையணை, பொம்மை இவற்றில்தான் பெருகும், அவற்றுக்கும் ஈரம்தான் வேண்டும். என் அம்மாவின் இருமல் பாதிக்கு மேல் குறைந்தது மெத்தையையும் தலையணைகளையும் மாற்றி, உறைகளை 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒரு முறை துவைக்க ஆரம்பித்த பிறகுதான். குழந்தைக்கு இளைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இதைப் படிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டும் ஏர்கான், அதில் டக்டே கிடையாது. யாராவது டக்ட் கிளீனிங் என்று விலை சொன்னால் எந்த டக்ட் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஃபேன் உருளையையும் காயிலையும் தட்டையும் கழுவுவது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 900 வெள்ளி கேட்டவரிடம், சீலிங் மூடியைத் திறந்து குழாயின் வெளிப்பக்கத்தையும் தட்டையும் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உட்பக்கப் படம் மட்டும் போதாது. காயிலும் தட்டும் ஃபேனும் அந்த விலையில் சேருமா, ஈரமான குழாயை மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். "மருந்து அடித்தால் சரியாகிவிடும்" என்பவரை அனுப்பிவிடுங்கள். குழந்தை தூங்கும் அறைக்குக் காற்று வரும் குழாயில் அந்தப் புகையை விட நான் சம்மதிக்கமாட்டேன், செத்த பூசணமும் ஒவ்வாமை கொடுக்கும்.

வேலை எந்த நாளில் நடந்தாலும் சரி, அன்று காலையிலேயே குழந்தையைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஈரப் பஞ்சைக் கழற்றும்போது தூளும் பூசணமும் கொட்டும், எங்கள் கட்டில்மேல் விரித்திருந்த பிளாஸ்டிக்கில் ஒரு கைப்பிடி சேர்ந்தது. வேலை முடிந்து, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, சாயங்காலத்துக்குமேல் கூட்டி வாருங்கள். மீட்டரை மட்டும் குழந்தையின் கட்டில் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். ஒரு வாரக் குறிப்பையும் கிரில் படங்களையும் இங்கேயே கீழே போட்டால், பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.