ஜெயித்தால் 15, தோற்றால் 23: ரேங்க் கணக்கு ஏன் இப்படி?

இம்முறை வாலரன்ட், பிஜிஎம்ஐ போன்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்களின் ரேங்க், மேட்ச்மேக்கிங் (யாரோடு யாரைக் கோப்பது) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வாலரன்டில் நான் கோல்டு 2. ஜெயிச்சா 15 ஆர்ஆர்தான் ஏறுது, தோத்தா 23 இறங்குது. பாதிக்குப் பாதி ஜெயிச்சும் கீழேதான் போறேன். ஏனுங்க இந்த ஓரவஞ்சனை?
*வாசகர், சரவணம்பட்டி*

உங்களுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று திரையில் பேட்ஜாகத் தெரியும் கோல்டு 2; நீங்கள் சொல்லும் ஆர்ஆர் அந்த ரேங்கின் புள்ளி. மற்றொன்று எம்எம்ஆர் என்ற மறைவு எண். அது கண்ணில் படாது. யாரோடு, யாரை எதிர்த்து ஆட வேண்டும் என்பதை அந்த மறைவு எண்தான் முடிவு செய்கிறது. உங்கள் மறைவு எண் கோல்டு 2-க்குக் கீழே, சில்வர் 3 போன்ற அளவில் இருக்கலாம். அதனால் அந்த மட்டத்து ஆட்களோடு கோத்துவிடுகிறது, கூடவே பேட்ஜையும் அதே இடத்துக்கு இழுக்கிறது. பேட்ஜ் இறங்கி மறைவு எண்ணைத் தொட்டதும் ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 மேட்சில் 10 ஜெயித்தால் 150 வரும், 230 போகும். நிகரம் 80 நஷ்டம். 12 ஜெயித்தால் 180 வரும், 184 போகும். இருந்த இடத்திலேயே நிற்பீர்கள். ஆக, நூற்றுக்கு 60 ஜெயித்தால்தான் இன்றைய நிலையில் பேட்ஜைக் காப்பாற்றலாம். ஆனால் அப்படித் தொடர்ந்து 60 ஜெயித்தால் மறைவு எண்ணும் ஏறும், 15 என்பது 18, 20 என்று மாறும். வேறு குறுக்கு வழி கிடையாது.

பேட்ஜ் முன்னால் போய் மறைவு எண் பின்தங்குவது பெரும்பாலும் உங்களைவிட நன்றாக ஆடும் நண்பர்களோடு பார்ட்டி போட்டு ஏறியவர்களுக்கு நடக்கிறது. அவர்கள் இல்லாமல் தனியாக இறங்கியதும் தோல்விகள் சேர்ந்து உண்மை நிலை தெரிந்துவிடும்.

இதன் அடிக்கணக்கு செஸ்ஸிலிருந்து வந்தது. அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்ததை 1960-இல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும், 1970-இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயும் ஏற்றன. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் 100-க்கு 76 எடுப்பார் என்று அது எதிர்பார்க்கிறது. 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட எடுத்தீர்கள், எவ்வளவு குறைய எடுத்தீர்கள் என்பதற்குத்தான் புள்ளி.

பின்னால் வந்தவர்கள் அதோடு 'எவ்வளவு நிச்சயமாகத் தெரியும்' என்ற இன்னொரு எண்ணையும் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் என்ற ரேங்க் கணக்கில் புதிய ஆளுக்குத் திறமை 25, சந்தேக அளவு 8.33. காட்டும் எண், திறமையிலிருந்து சந்தேகத்தை மூன்று மடங்காக்கிக் கழித்தது. 25-இல் 25 போனால் பூஜ்யம். எல்லோரும் அடிமட்டத்திலிருந்து தொடங்குவது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஆட ஆட சந்தேகம் குறையும், எண் வேகமாக நகர்வதும் நிற்கும். 'புது ஐடியில் சீக்கிரம் ஏறுது, பழைய ஐடி நகரவே மாட்டேங்குது' என்பவர்கள் பார்ப்பது இதைத்தான். புது ஐடியும் கொஞ்ச நாளில் அதே இடத்துக்கு வந்து உட்காரும்.

தொடர்ந்து அஞ்சு, ஆறு மேட்ச் தோக்கறேன். நாலு ஜெயிச்சதும் வேணும்னே மொக்கை டீம் குடுத்துக் கவுக்கறாங்கன்னு நண்பர்கள் சொல்றாங்க. நெசமா?
*வாசகர், பல்லடம்*

வேண்டுமென்றே கவிழ்க்கத் தேவையே இல்லை. காசு சுண்டிப் போடுவது போல, சரிபாதி வாய்ப்புள்ள 100 மேட்ச் ஆடினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்கான வாய்ப்பு 81 சதவீதம். ஆறு தொடர் தோல்விக்கு 55. அதுவும் உங்கள் மனநிலை துளியும் மாறாமல் ஆடினால். மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஆத்திரத்தில் ஸ்டார்ட்டை அழுத்துகிறவருக்கு இன்னும் கூடும்.

சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. ஆட்களை விட்டுப் போகாமல் இருத்திவைக்கும்படி மேட்ச் கோப்பது எப்படி என்று 2017-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. எழுதியவர்களில் ஈஏ என்ற கேம் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் உண்டு. கட்டுரை இருப்பது வேறு, நீங்கள் ஆடும் கேமில் அது ஓடுகிறது என்பது வேறு. நாலு வெற்றிக்குப் பிறகு எதிரி கடினமாவதற்கு ஈலோ கணக்கே போதும்: உங்கள் எண் ஏறிவிட்டது, எதிரியின் எண்ணும் ஏறும். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு ரேங்க் மேட்சை மூடிவிட்டு டெத்மேட்ச் (அணியில்லாமல் ஆளாளுக்கு மோதும், ரேங்கைத் தொடாத ஆட்டம்) ஆடுங்கள்.

திறமை பாத்துக் கோக்கறதையே எடுத்துட்டா ஜாலியா இருக்குமே?
*வாசகர், நாமக்கல்*

நன்றாக ஆடுகிறவருக்கு ஜாலி. கால் ஆஃப் டூட்டி நிறுவனம் 2024-இல் திறமைக்குத் தரும் கவனத்தைக் குறைத்துச் சோதித்து, முடிவை வெளியிட்டது. ஒருதலையான மேட்சுகள் கூடின. மேல்மட்டத்துப் பத்து சதவீதம் தவிர மற்ற எல்லா மட்டத்திலும் ஆட்கள் திரும்பி வருவது குறைந்தது. அடிவாங்கியவர்கள் விலகினால் அடுத்த மட்டம்தான் அடிமட்டம் ஆகும். பிறகு அவர்களும் விலகுவார்கள்.

கல்லூரி விழாவில் லேன் போட்டி (ஒரே இடத்தில் கணினிகளை இணைத்து ஆடுவது) வைக்கிறோம். பத்துப் பேர், அஞ்சுக்கு அஞ்சு. ரெண்டு கேப்டன் மாறி மாறி ஆள் எடுத்தா ஒரு டீம் 13–3ன்னு நசுக்கிப் போடுது. சரிசமமாப் பிரிக்க வழி சொல்லுங்க.
*மாணவர்கள், பெருந்துறை*

கேப்டன் தேர்வை முதலில் விடுங்கள். மாறி மாறி எடுக்கும்போது முதல் கேப்டனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலான ஆள் கிடைக்கிறார். ஐந்து சுற்றில் அது சேர்ந்து பெரிய பள்ளமாகிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். வாலரன்ட் ரேங்க் இருந்தால் அயர்ன் 1-க்கு 100, ஒவ்வொரு படிக்கும் 100 கூட்டினால் சில்வர் 2-க்கு 800, அசென்டன்ட் 1-க்கு 1900 வரும். ரேங்க் இல்லாதவரைப் பத்து நிமிட டெத்மேட்சில் இறக்கி, அவர் எடுத்த கில் (வீழ்த்திய ஆட்கள்) யாருடைய கில்லுக்கு அருகில் வருகிறதோ அவருடைய எண்ணைக் கொடுங்கள். துல்லியம் வேண்டாம், வரிசை சரியாக இருந்தால் போதும்.

உதாரணத்துக்குப் பத்து எண்கள்: 1900, 1700, 1600, 1500, 1400, 1300, 1200, 1100, 1000, 800. மொத்தம் 13,500. பாம்பு வரிசையில் பிரியுங்கள்: முதல் ஆள் அ அணிக்கு, அடுத்த இருவர் ஆ-வுக்கு, அடுத்த இருவர் அ-வுக்கு, இப்படியே கடைசிவரை. அ அணிக்கு 1900, 1500, 1400, 1100, 1000 சேர்ந்து 6,900. ஆ அணிக்கு 6,600. இன்னும் 300 வித்தியாசம். அ-வின் 1400-ஐயும் ஆ-வின் 1300-ஐயும் மாற்றிப் போட்டால் 6,800க்கு 6,700. இந்தப் பத்து எண்களை வைத்து இதைவிட நெருக்கமாகப் பிரிக்க முடியாது. பத்துப் பேரை இரண்டாகப் பிரிக்க மொத்தம் 126 வழிகள்தான். கணினி தெரிந்த மாணவர் ஒருவர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க ஒரு நொடி போதும்.

கூட்டுத்தொகை சமமானதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏரில் ஒரு பக்கம் காங்கேயம் காளையும் மறுபக்கம் கன்றுக்குட்டியும் பூட்டினால் சராசரி நன்றாகத்தான் வரும், உழவு நடக்காது. மிக வல்லவரும் மிகப் புதியவரும் ஒரே அணியில் விழுந்தால் எதிரணி அந்தப் புதியவர் காக்கும் பக்கமாகவே ஒவ்வொரு ரவுண்டும் புகும். ஆகவே முதல் இருவர் ஒரே அணியில் வேண்டாம், கடைசி இருவரும் வேண்டாம், முதல் ஆளும் கடைசி ஆளும் ஒன்றாகவும் வேண்டாம். மேலே உள்ள பிரிவில் மூன்றும் சரியாக வந்திருக்கின்றன. ஸ்னைப்பர் நன்றாக அடிப்பவர் அணிக்கு ஒருவர், குரல் கொடுத்து வழிநடத்துபவர் ஒருவர் என்று இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் எண்கள் நெருக்கமாக உள்ள இருவரை இடம் மாற்றுங்கள்.

மேப்பில் எந்தப் பக்கம் சுலபம் என்ற சச்சரவு வரும். 12 ரவுண்டு முடிந்ததும் பக்கம் மாறி, முதலில் 13 எடுப்பவர் வெற்றி என்ற வழக்கமான விதியே அதற்குப் போதும். நேரமில்லை என்று அரை மேட்சோடு நிறுத்தாதீர்கள்.

விழா இரண்டு நாள் நடந்தால் எண்ணைத் திருத்திக்கொண்டே போங்கள். சமமான அணிகள் என்றால் ஜெயித்த ஐவருக்கும் தலா 16 கூட்டி, தோற்றவர்களுக்கு 16 கழியுங்கள். அணிச் சராசரியில் 200 குறைவாக இருந்த அணி ஜெயித்தால் 24. கூடுதலாக இருந்த அணி ஜெயித்தால் 8 மட்டும். கில் எண்ணிக்கைக்குத் தனிப் புள்ளி தராதீர்கள். தந்தால், குண்டை வைக்காமல் கில் தேடி அலைவார்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல ஆடினா மேட்ச் ஏறுமாறா இருக்குது. பிங்கும் கூடுது.
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

வரிசையில் ஆள் குறைவு. முதலில் உங்கள் எண்ணுக்கு மிக அருகில் உள்ளவரைத் தேடும்; கிடைக்காமல் நேரம் போகப்போக வலையை அகலமாக வீசும். மூன்று, நான்கு நிமிடம் காத்திருந்து கிடைத்த மேட்ச் என்றால் மேலும் கீழுமாகத்தான் இருக்கும்.

பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) கூடுவது பெரும்பாலும் தொலைவான சர்வரில் விழுந்ததால். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவை வட்டாரத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்டுக்குக் கீழே இயற்கையே விடாது. சிங்கப்பூர் 3,100 கிலோமீட்டர் சொச்சம், குறைந்தது 31. கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு. அதனால் திரையில் இரண்டு மூன்று மடங்கு தெரியும். சர்வர் பட்டியலில் மும்பையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். காத்திருப்பு நீளும், மேட்ச் பரவாயில்லாமல் இருக்கும்.

சோறு போட்டு வெச்சுக் கூப்பிட்டா, 'நடுவுல வந்தா ரேங்க் போயிரும்மா'ங்கறான் மகன். மெய்யாலுமா, சாக்கா? கரண்டு போனா மட்டும் ஏனுங்க அந்தக் கத்து கத்தறான்?
*வாசகி, உடுமலை*

மெய்தாங்க. வாலரன்ட் ரேங்க் மேட்சில் நடுவில் எழுந்தால் அவனுக்குத் தண்டனை, கூட ஆடும் நால்வரும் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். ஒரு மேட்ச் இழுத்தால் 40 நிமிடத்தைத் தாண்டும். ஆகவே சோறு ஆக ஒரு மணி நேரம் இருக்கும்போதே 'இனிப் புதுசா தொடங்காதே கண்ணு' என்று சொல்லிவிடுங்கள். முதலில் ஐந்து ரவுண்டு எடுத்தால் முடியும் ஸ்விஃப்ட்பிளே இருக்கிறது. கால் மணி நேரச் சமாச்சாரம். 'அதை ஆடு' என்று நீங்கள் பேர் சொல்லிச் சொன்னால் சாக்குச் சொல்ல இடமிருக்காது.

கரண்டு போனாலும் சர்வருக்கு அது பாதியில் எழுந்து போனதாகத்தான் தெரியும். லேப்டாப்பில் ஆடுகிறான் என்றால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினால் தீரும். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். தெருவில் வரும் ஃபைபர் இழைக்குப் பொதுவாக வழியில் கரண்டு தேவையில்லை. இணைப்புக் கொடுத்தவரிடம் பேக்கப் இருந்தால் போதும்.

பிஜிஎம்ஐ-யில் ரேங்க் புஷ் பண்ணி மேலே வந்துட்டேன். ஆனா நண்பர்களோட டிடிஎம் (அணிக்கு அணி நேருக்கு நேர் மோதும் ஆட்டம்) ஆடினா நாந்தான் கடைசி. எப்படி?
*வாசகர், தாராபுரம்*

100 பேரில் எத்தனையாவதாக நின்றீர்கள் என்பதற்கு அங்கே பெரிய புள்ளி. பதுங்கிக் கடைசி வட்டம் வரை வந்தாலே ஏறலாம். கீழ்மட்ட லாபிகளில் பாட்களும் (கணினியே ஆட்டுவிக்கும் ஆட்கள்) கலந்திருக்கும். நேராக ஓடிவந்து, மறைவு தேடாமல் நின்று சுட்டுத் தவறவிடுபவை அவை. அவற்றை அடித்துச் சேர்த்த கில்லை உங்கள் குறி என்று எண்ண வேண்டாம். உங்கள் குறி எப்படி என்று பார்க்க நண்பரோடு ஒன்றுக்கு ஒன்று ஆடி, ஒரே துப்பாக்கியில் பத்துச் சண்டை எண்ணுங்கள்.