எர்லி டிசிஷனா, எர்லி ஆக்‌ஷனா? அமெரிக்கக் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

இரண்டும் வழக்கமான காலத்துக்கு முன்பே விண்ணப்பிக்கும் முறைகள். இரண்டுக்கும் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. எர்லி டிசிஷன் முடிவு டிசம்பர் நடுவில் வந்துவிடும். எர்லி ஆக்‌ஷன் சில இடங்களில் ஜனவரி வரை இழுக்கும். உண்மையான வித்தியாசம் அதற்கப்புறம்தான். எர்லி ஆக்‌ஷனில் இடம் கிடைத்தால் மே 1 வரை யோசிக்கலாம். எர்லி டிசிஷனில் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறவேண்டும். அந்த உறுதிமொழியில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவருமே கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆகவே முதலில் பணத்தைப் பாருங்கள் என்பேன். எர்லி டிசிஷனில் கையில் இருப்பது ஒரே ஒரு நிதியுதவிக் கடிதம். இன்னொரு கல்லூரி தருவதோடு ஒப்பிட வழியில்லை. கல்லூரியின் இணையதளத்தில், உதவி போக நீங்கள் கட்டவேண்டிய தொகையைத் தோராயமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். வீட்டு வருமானத்தை அதில் போட்டுப் பார்த்து, வரும் தொகை கட்டுப்படியாகாது என்று தோன்றினால் எர்லி டிசிஷன் வேண்டாம். உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

எர்லி டிசிஷனில் தேர்வு விகிதம் கூடுதலாகத் தெரியும். அதை அப்படியே நம்பவேண்டாம்: விளையாட்டுக்காக ஏற்கெனவே தேர்வானவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நான்கும் வேறு வகை: சேரக் கட்டாயமில்லை, ஆனால் வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எர்லியில் போடக்கூடாது. எம்ஐடியில் இந்தத் தடை இல்லை.

12ஆம் வகுப்பு முதல் பருவ மதிப்பெண்ணை நம்பியிருந்தால் அவசரம் வேண்டாம். பல கல்லூரிகளில் ஜனவரியில் எர்லி டிசிஷன் 2 உண்டு, அதிலும் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும்.