கனடாவை விட்டு வந்த பிறகு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கும் டோனட்டுக்கும் ஏங்குவது சிறுபிள்ளைத்தனமா?

ரொறன்ரோவிலிருந்து ஜெர்மனிக்குக் கலியாணம் செய்து வந்து எட்டு மாதம் ஆகிறது, ரிம் ஹோர்ட்டன்ஸ் என்ற கனடாக் கோப்பிக் கடையின் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காகவே மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சிறுபிள்ளைத்தனம் இல்லை. அவ்வளவுதான் பதில். மிச்சம் என் கதை, நேரம் இருந்தால் வாசியுங்கள்.

(இந்தியத் தமிழர்கள் இதை டிம் என்று எழுதுவார்கள். நாங்கள் ரொறன்ரோ, ரிம் என்றே எழுதிப் பழகியவர்கள். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

நான் ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதிக்குப் போனவள். இருபது வருசம் அங்கே இருந்துவிட்டு 2011-இல் கலியாணம் முடித்து நோர்வேக்கு, பேர்கன் நகரத்துக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு பிறந்தநாள் விழாவில் இவருடைய பெரியம்மா, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டா. ஸ்காபரோ என்றேன். "அது சரி, சொந்த ஊர் எது?" என்றா. அப்புறம் அப்பாவின் ஊரைச் சொன்னேன், அம்மாவின் ஊரைச் சொன்னேன், கோயிலடியைச் சொன்னேன், அவவுக்கு நிம்மதி. அன்றைக்கு நல்லூரடியில் குடித்த சர்பத்தையும் ஐஸ்கிரீமையும் பற்றி மேசையில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது, ஒருவர் கண் கலங்கினார். எல்லோரும் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து, "எனக்கு ஒரு டபுள்-டபுளும் ஒரு பொஸ்டன் கிரீம் டோனட்டும் கிடைத்தால் போதும்" என்றேன். சபை சிரித்தது. இவர்தான் முதலில் சிரித்தார், அதையும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு நல்லூர் ஞாபகம் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்குமோ அவ்வளவுதான் இருக்கிறது. பதினேழு வயதில் நான் முதன்முதல் சம்பளம் வாங்கியது ரிம் ஹோர்ட்டன்ஸில். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்த செய்தியை அப்பாவுக்குச் சொன்னது அங்கே, வாகனத்தில் இருந்தபடியே வாங்கும் வரிசையில், முன்னுக்கு ஆறு கார் நிற்கும்போது. இதெல்லாம் பனங்காய்ப் பணியாரத்தை விடக் குறைந்த ஞாபகம் என்று யார் தீர்மானித்தது? ஊரை மறந்தவள் என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், முன்பும் எழுதியிருக்கிறீர்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். டபுள்-டபுள் என்றால் இரண்டு கிரீம், இரண்டு சீனி போட்ட கோப்பி. 2004-இல் கனடிய ஒக்ஸ்போர்ட் அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. கடையை 1964-இல் ஹமில்டன் நகரத்தில் ஆரம்பித்தவர் ரிம் ஹோர்ட்டன் என்ற ஐஸ் ஹொக்கி வீரர். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணிக்காக நெடுங்காலம் ஆடியவர். முன்னாள் பொலிஸ்காரரான ரொன் ஜோய்ஸ் பிறகு பங்காளியாகச் சேர்ந்தார். 1974-இல் ஹோர்ட்டன் கார் விபத்தில் இறந்துவிட, கடையை நாடு முழுக்கப் பரப்பியது ஜோய்ஸ்தான். டோனட்டின் நடுத்துண்டு மாதிரி உருண்டையாக இருக்கிற ரிம்பிட்ஸ் வந்தது 1976-இல். ரொறன்ரோவில் பள்ளிக்கூடப் பிறந்தநாள் என்றால் ஒரு பெட்டி ரிம்பிட்ஸ் போகும், அதில் சொக்லேட் முதலில் முடியும், வெறும் உருண்டை கடைசிவரை கிடக்கும்.

இப்போது ஒருவர் வந்து, "அது கனடாக் கடையே இல்லை, பிரேசில்காரன் கையில் இருக்கிறது" என்பார். தெரியும் ஐயா. 2014-இல் பேர்கர் கிங்கோடு ஒரே நிறுவனத்தின் கீழ் சேர்த்தார்கள், அதில் பெரிய பங்கு பிரேசில் முதலீட்டுக்காரர்களுடையது. அதற்கு முன்பு வென்டீஸ் என்ற அமெரிக்கப் பேர்கர் நிறுவனத்தோடும் பதினோரு வருசம் சேர்ந்திருந்தது. நான் பங்குச் சந்தைக்கு ஏங்கவில்லையே, ஒரு கோப்பிக்குத்தானே ஏங்குகிறேன். இன்னொருவர், "அது கோப்பியே இல்லை" என்பார். கோப்பி நிபுணர்களே, அதையும் ஒத்துக்கொள்கிறேன். உலகில் அதிகம் கோப்பி குடிக்கும் நாடுகளில் ஒன்றில் பதின்மூன்று வருசத்துக்கு மேல் இருக்கிறேன், இங்கே கிடைப்பது நல்ல கோப்பிதான், இளவறுவல், கறுப்பாக, கொஞ்சம் புளிப்போடு. சுவையில் ரிம் ஹோர்ட்டன்ஸ் அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அம்மாவின் புளிக்கறியை யாரும் பரிசுக்கு அனுப்புவதில்லையே.

நான் வேலை செய்தபோது இருபது நிமிடத்துக்கு மேல் நின்ற கோப்பியை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது சட்டம். குடத்தில் நேரம் எழுதி வைப்போம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனால் கண்ணாடி குளிரில் வெளுத்துப் போயிருக்கும். இரவு வேலை முடிந்த தமிழ் அண்ணாமார் நாலு பேர் வெளியே நிற்பார்கள். உள்ளே வந்ததும் ஆங்கிலத்தில், "மீடியம் டபுள்-டபுள்" என்பார்கள், நான் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தும். நானும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மட்டும், "படிக்கிறியோ பிள்ளை, கவனமாப் படி" என்பார்கள்.

அப்பாவும் அந்த இனம்தான். இரவு முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு விடிய வருவார். மாசி, பங்குனியில் கோப்பையின் விளிம்பை உருட்டிப் பார்த்துப் பரிசு தேடும் போட்டி நடக்கும், 1986-இல் தொடங்கியது. காகித விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தால்தான் உருளும். அநேகமாக "மறுபடி விளையாடுங்கள்" என்று இருக்கும். எப்போதாவது ஒரு இலவசக் கோப்பியோ டோனட்டோ விழும். அப்பா அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், செலவழிக்க மனம் வராது. போட்டி முடிந்து தேதியும் கடந்த பிறகு அம்மா துவைக்கும்போது ஊறிப்போன காகிதமாக வெளியே வரும். கார் கிடைக்கும் என்று பதினைந்து வருசம் கடித்தார். பிறகு போட்டி தொலைபேசிச் செயலிக்குள் போய்விட்டது, அப்பாவுக்கு அதில் ஈடுபாடு இல்லை.

சரி, 2013 கோடையில் ஒரு வயது மகனோடு முதல்முறை திரும்பிப் போனேன். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு விடச் சொன்னேன். இரண்டு வருசமாக நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்: ஒரு மீடியம் டபுள்-டபுள், ஒரு பொஸ்டன் கிரீம். அந்தப் பெண் நீட்டிய கோப்பை பெரியது. "நான் மீடியம்தான் கேட்டேன்" என்றேன். "இதுதான் மீடியம்" என்றாள். "இல்லையம்மா, இது லார்ஜ், நானும் இங்கே வேலை செய்தவள்" என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டேன், பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை தோளில் அழுகிறான். அவள் பொறுமையாக, போன வருசம் தை மாதத்திலிருந்து அளவெல்லாம் ஒவ்வொரு படி இறங்கிவிட்டது, பழைய ஸ்மோல்தான் இப்போது எக்ஸ்ட்ரா ஸ்மோல், பழைய லார்ஜ்தான் மீடியம் என்று சொன்னாள். அப்பா பின்னால் நின்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரு மாறலாம், கடைகள் மாறலாம், ஆனால் மீடியம் எவ்வளவு என்பது தெரியாத ஆளாக, ஒரு சுற்றுலாக்காரி மாதிரி, என் சொந்தக் கடையில் நின்றதுதான் குத்தியது. கோப்பியைக் காருக்குள் வைத்துக் குடித்து முடித்தேன். பாதிக்கு மேல் தாகமே இல்லை.

போகும்போது கொண்டு போக அந்தப் பெரிய கோப்பி டின் இரண்டு வாங்கி வைத்தேன். ஒன்றுதான் வந்து சேர்ந்தது. காரணம் பார்சல். நீங்கள் கலியாணம் செய்து வந்தவர் என்றபடியால் இது உங்களுக்கும் நடக்கும், இப்போதே சொல்லி வைக்கிறேன். பயணத்துக்கு முதல்நாள் இரவு ஒரு தூரத்து மாமி வந்தா. "சின்னப் பொதிதான் பிள்ளை, பாரமே இல்லை." ஐந்து சேலை, ஒரு வாளி முறுக்கு, யாருக்கோ ஒரு குத்துவிளக்கு. பித்தளை! ஒஸ்லோவில் இருக்கிறவருக்கு. பேர்கனுக்கும் ஒஸ்லோவுக்கும் ரயிலில் ஏழு மணி நேரம், மாமிக்கு இரண்டும் நோர்வேதான். ஒரு டின் கோப்பியை எடுத்து அம்மாவின் அலுமாரியில் வைத்துவிட்டு அந்த விளக்கைக் கொண்டு வந்தேன். உரியவர் வந்து எடுக்கப் பதினொரு மாதம், எடுத்துவிட்டு ஒரு நன்றி கிடையாது, விளக்கின் காலில் கீறல் இருக்கிறது என்று மாமிக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறார். பார்சல் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன், தபால் கந்தோர் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா? விளக்கைத் தருகிறீர்கள், அதற்கு ஒரு விமானப் பையாவது சேர்த்து வாங்கிக் கொடுத்தீர்களா? இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி யாராவது போடுங்கள், அங்கே முழுதும் எழுதுகிறேன்.

எங்கே விட்டேன், கோப்பி. வந்து சேர்ந்த டின்னைத் திறந்து போட்டால் சுவை சரியாக வரவில்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்த பிறகுதான் பிழை கோப்பியில் இல்லை, கிரீமில் என்று பிடிபட்டது. அங்கே ஊற்றுவது 18 வீதக் கொழுப்புள்ள கிரீம். இங்கே கோப்பிக் கிரீம் என்று விற்பது 10 வீதம், அடித்து நுரைக்க விற்பது 38 வீதம். 38-இல் இரண்டு பங்கு, முழுக் கொழுப்புப் பால் மூன்று பங்கு கலந்தால் ஏறக்குறைய 17 வரும். இதை நான் உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன், ஜெர்மன் கிரீமின் அளவைப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பியில் முதலில் சீனி, பிறகு கிரீம், கரண்டியால் நல்லாகக் கலக்க வேண்டும். அதைப் பீங்கான் கோப்பையில் குடித்தால் இன்னும் ஏதோ குறைந்தது. கடைசியில் பெட்டிக்குள் நசுங்கி வந்த ஒரு காகிதக் கோப்பையை எடுத்து நிமிர்த்தி அதில் ஊற்றினேன். நாலு முறை கழுவிப் பாவித்தேன், ஐந்தாம் முறை அடி பிய்ந்து மேசையெல்லாம் கோப்பி. இவர் துடைத்துவிட்டு, "உனக்கு முத்திப் போச்சு" என்றார். அன்றைக்குச் சிரிக்கவில்லை, அதுவும் உண்மை.

டோனட்டுக்கு வழி இல்லை. இங்கே ஏலக்காய் போட்ட ஒரு பண் உண்டு, நடுவில் கஸ்டர்ட், சுற்றித் தேங்காய்ப்பூ, ஸ்கூலேபொல்லே என்பார்கள். பிள்ளைகள் இரண்டும் அதற்கு உயிர். நாளைக்கு அவர்கள் வேறெங்காவது போய் அதற்கு ஏங்கினால் நான் சிரிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் இன்னும் சிரித்தால் கந்தஹாரைச் சொல்லுங்கள். ஆப்கானிஸ்தானில் கனடியப் படை இருந்தபோது, 2006-இலிருந்து 2011 வரை, அந்த முகாமுக்குள் ஒரு டிரெய்லரில் ரிம் ஹோர்ட்டன்ஸ் நடந்தது. துப்பாக்கியோடு நிற்கிற ஆட்களுக்கே இந்த ஏக்கம் இருந்தது. லண்டன் பக்கம் போனால் பிரித்தானியாவில் 2017-இலிருந்து கடைகள் இருக்கின்றன, துபாயில் 2011-இலேயே வந்துவிட்டது, இந்தியாவுக்கும் 2022-இல் டெல்லிப் பக்கமாக வந்தது. நோர்வேயில் இருக்கிற எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே முன்பு ஸ்டாட்டொயில் என்ற பெயரில் இருந்த பெற்றோல் நிலையங்களை 2012-இல் கியூபெக்கைச் சேர்ந்த ஒரு கனடிய நிறுவனம் வாங்கியது, 2016-இலிருந்து பெயர் சேர்க்கிள் கே. அங்கே வருசத்துக்கு ஒரு கோப்பை வாங்கினால் வருசம் முழுக்கக் கோப்பி நிரப்பலாம். கோப்பை என் காரிலேயே கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து அதில் கறுப்புக் கோப்பி பிடித்து, இரண்டு சீனி, வீட்டிலிருந்து சின்னப் போத்தலில் கொண்டு போகிற என் 17 வீதக் கிரீம், எல்லாம் போட்டுக் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குடிப்பேன். வெளியே மழை, பேர்கனில் எப்போதும் மழை. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் போன் எடுப்பேன், அங்கே காலை பத்து, பத்தரை இருக்கும். ஓய்வுபெற்ற நாலைந்து பேரோடு கடையில் இருப்பார், ஒரு மீடியத்தை மூன்று மணி நேரம் வைத்திருக்கிற கூட்டம். பின்னால் டிரேயை இழுக்கிற சத்தமும் ஓடர் சொல்லுகிற சத்தமும் கேட்கும். "என்ன பிள்ளை, சத்தமா இருக்கோ, வெளியில வரட்டோ?" என்பார்.

"வேண்டாம் அப்பா, உள்ளுக்கே இருந்து கதையுங்கோ" என்பேன்.