கல்வட்டத்துக்குப் பக்கத்தில் மனை: வீடு கட்டலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மதுராந்தகம் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். சுமார் 60 மீட்டர் தள்ளி வட்டமாகக் கற்கள் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. "வெறும் கல்தான் சார், ஜேசிபி வைத்தால் அரை நாளில் சமமாகிவிடும்" என்கிறார் தரகர். மனையில் என் மகன் ஓர் ஓட்டுச்சில்லு எடுத்தான். அங்கே வீடு கட்ட முடியுமா?

பதில்: பத்திரப்பதிவை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபடி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதில் புதுக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது. அதற்கடுத்த 200 மீட்டரில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி பெற்றே கட்டலாம். தூரத்தைக் கண்ணுக்குத் தெரியும் கல்லிலிருந்து அளக்கக் கூடாது; அரசிதழில் அறிவிக்கப்பட்ட சர்வே எண்ணின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். ஆகவே நீங்கள் கருதும் 60 மீட்டர் இன்னும் குறையவும் கூடும். பட்டா உங்கள் பெயருக்கு மாறினாலும் இந்தத் தடை மாறாது.

தரகர் 'வெறும் கல்' என்று சொல்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஊர்மக்கள் பாண்டவர் குழி என்று சொல்லும் இவ்வகைக் கற்குவைகள் இரும்புக்கால மனிதர்கள் தம் இறந்தோருக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள். பெரிய கற்களை வட்டமாக நிறுத்தி, நடுவே சிறு கற்களைக் குவித்திருப்பார்கள். அதற்குக் கீழே, தோண்டிய குழியில், தாழியோ வரிசையாகக் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையோ, அதைச் சுற்றிப் படையல் கலங்களும் இரும்புக் கருவிகளும் இருக்கும். உங்கள் மனை இருக்கும் வட்டாரத்திலேயே, சானூரில், 1950களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வு இத்தகைய சின்னங்களை அடுக்கடுக்காகப் பிரித்து ஆராய்ந்தது. எந்தக் கலம் எந்தப் பக்கம் இருந்தது, எந்த மண் எதன்மேல் விழுந்தது என்ற அந்த ஒழுங்குதான் ஆய்வாளருக்குச் சான்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல்மணிகளைக் கொண்டே அதன் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. 2021இல் அது அறிவிக்கப்பட்டது. ஜேசிபியின் ஒரே வாரலில் அப்படிப்பட்ட நெல்லும் கரித்துண்டும் மேல்மண்ணோடு கலந்துவிட்டால், பிறகு எந்த ஆய்வகத்தாலும் அவற்றை அந்தக் குழிக்கு உரியவை என்று சொல்ல முடியாது.

மகன் எடுத்த சில்லைக் கையில் வைத்துப் பாருங்கள். உள்பக்கமும் வாய்விளிம்பும் கருப்பாகவும், வெளிப்பக்கத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருந்தால் அது கருப்பு-சிவப்புப் பானை ஓடாக இருக்க வாய்ப்பு மிகுதி. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டபோது காற்றுப் படாத பகுதி கருத்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதைக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணுக்கும் பொருள் உண்டு. கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்துமூலம் தெரிவியுங்கள். அதே இடத்தில் மேலும் தோண்டிப் பார்க்கும் ஆசை பையனுக்கு வரும், அன்போடு தடுத்துவிடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் இருக்கின்றன, அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து அது தொலைவன்று. மனையின் சர்வே எண், புலப்பட நகல் இரண்டையும் கொண்டுபோய், மனை தடைப் பகுதிக்குள் வருகிறதா என்று எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை தரகரிடம் மீதிப் பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.